அமாவாசை விழாத புளியமுத்து

ஜூலை 3, புதன்

பாப்பா மதி தூங்கிவிட்டாள். 98.8. சாயங்காலம் 98.9 இருந்தது. இறங்கியிருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். தனபாலுக்கு செகண்ட் ஷிஃப்ட். அவர் வருவதற்குள் எழுதிவிட்டுத் தெர்மாமீட்டரை உள்ளே வைக்க வேண்டும். மேசைமேல் பார்த்தால் திட்டமாட்டார், பெருமூச்சு விடுவார். அதற்குத் திட்டே மேல்.

காலையில் நாகர்கோவிலிலிருந்து ஜெபா கூப்பிட்டாள். ‘ஏழு கணவாய்’ நாலாம் பதிப்பு முடிவாகிவிட்டதாம். நாங்கள் காலேஜ் ஹாஸ்டலில் உண்டாக்கிய ஆட்டம். ஜெபாவின் சின்ன அச்சகம்தான் அதை இன்னும் உயிரோடு வைத்திருக்கிறது. விதிகளைச் சரிபார்த்து எழுதுவது எப்போதும் என் வேலை.

“எட்டி செவ்வந்தி, இந்தத் தடவை முதல் பதிப்புக்கே திரும்பிப் போறோம். பகடை வேண்டாம், சோழி வேண்டாம். புளியமுத்துதான். அதுவும் நம்ம ஹாஸ்டல்ல வச்சு ஆடுன அதே ஆறு முத்து. அச்செடுத்து ரெசின்ல வார்த்து ஆயிரம் பெட்டியிலயும் போடப்போறேன். முத்து உன்கிட்டதானே இருக்கு?”

“தேடிப் பாக்கணும்டி.”

“தேடு மக்கா. தொலைச்சிருந்தேன்னா கொன்னுருவேன்.”

தேட வேண்டியதில்லை. பீரோவின் கீழ்த்தட்டில், ஸ்வெட்டர்களுக்குப் பின்னால், பவுடர் டப்பாவில் இருக்கின்றன. பன்னிரண்டு வருடத்தில் நாலு வீடு மாறிவிட்டேன். டப்பா கூடவே வந்தது. திறந்ததில்லை.

ஜூலை 4, வியாழன்

தேடிக்கொண்டிருக்கிறேன் என்று ஜெபாவுக்குச் செய்தி போட்டேன். இட்லி மாவு பொங்கவில்லை. ஓசூர்க் குளிர்.

ஜூலை 6, சனி

மூன்று பதிப்பையும் எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தேன். மதி மூன்றாவதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். அதுதான் கனமானது, உட்கார வசதி.

முதல் பதிப்பு, 2012. நாற்பத்திரண்டு பக்கம், காலேஜ் வாசல் கடையில் எடுத்த ஜெராக்ஸ். முழுக்க உமையாள் கையெழுத்து. லேடீஸ் ஹாஸ்டல் கேட்டை ஆறு மணிக்கே பூட்டிவிடுவார்கள். அதற்குமேல் நாங்கள் நாலு பேர், ஒரு அறை: நான், ஜெபா, மேலப்பாளையத்து ஃபர்ஸானா, காரைக்குடி உமையாள். வெளிநாட்டில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு வீரன், மந்திரவாதி வேஷம் போட்டுக் கதையாகவே ஆடுகிறார்கள் என்று உமையாள் எங்கோ படித்துவிட்டு வந்தாள். “நாமளும் ஆடுவோம். ஆனா அவங்க பூதம் எதுக்கு? நம்ம ஊர்ல இல்லாத பூதமா?” என்றாள். ஒரே வாரத்தில் ஏழு கணவாய்களும் அவற்றைக் காக்கும் ஏழு பேரும் தயார். அவள் கதைசொல்லி. நாங்கள் மூவரும் ஆடுகிறவர்கள். நான் கொற்றி, வில்காரி.

பகடைக்கு எங்கே போவது? மெஸ் சமையலறையில் புளியமுத்து வாங்கினோம். ஒரு பக்கத்தை மட்டும் சிமெண்டில் தேய்த்தால் தோல் போய் வெள்ளை தெரியும், மறுபக்கம் கறுப்பு. ஆறு முத்தை வீச வேண்டும். எத்தனை வெள்ளையோ அத்தனை பலம். ஆறும் வெள்ளையானால் பௌர்ணமி. ஆறும் கறுப்பானால் அமாவாசை. முதல் பதிப்பு, பக்கம் ஒன்பது: ‘அமாவாசை விழுந்தால் பாத்திரம் இறக்கும். மறுவீச்சு கிடையாது. கெஞ்சக் கூடாது.’

தேய்ப்பது என் வேலை. பாத்ரூம் படியில் தேய்ப்பேன். பொறுமை எனக்குத்தான் உண்டு என்பார்கள்.

இரண்டாம் பதிப்பு, 2016. சோழி. அமாவாசை அடுத்தடுத்து இரண்டு முறை விழுந்தால்தான் இறப்பு. மூன்றாம் பதிப்பு, 2020. ஊரடங்கில் வீட்டுக்குள் உட்கார்ந்து எழுதியது. இருநூற்றுப் பதினாலு பக்கம், வண்ணப்படங்கள், இருபது முகப் பகடை. ஒன்று விழுந்தால் அமாவாசை. பாத்திரம் மயங்கி விழும், அடுத்த கணவாயில் பாதி பலத்தோடு எழும். மூன்றாம் பதிப்பின் பிடிஎஃப்பில் ‘சாவு’ என்று தேடிப் பார்த்தேன். இல்லை. ‘இறப்பு’ என்று தேடினேன். அதுவும் இல்லை.

தர்மபுரியிலிருந்து ஒரு பையன் ஜெபாவுக்கு எழுதியிருக்கிறான்: ‘அக்கா, ஆட்டம் நல்லாருக்கு. ஆனா யாரும் சாகவே மாட்டேங்கறாங்க. பயமே இல்ல.’ அதனால்தான் முதல் பதிப்புக்குத் திரும்புகிறோமாம்.

உமையாள் இப்போது இல்லை. 2012 அக்டோபர், டெங்கு. திருநெல்வேலிப் பக்கம் நிறையப் பேருக்கு வந்த வருடம்.

மதிக்கு 98.6.

ஜூலை 8, திங்கள்

டப்பாவைத் திறந்தேன். வெள்ளைப் பக்கமெல்லாம் மஞ்சளித்துவிட்டது. ஒரு முத்து கொஞ்சம் தேய்ந்த மாதிரி, அச்செடுக்க உதவாது போலத் தோன்றியது. அதனால் புதிதாக ஒன்று தேய்த்துச் சேர்த்தேன். பால்கனித் துவைகல்லில் அரைமணி நேரம். கை மறக்கவில்லை. தேய்க்கத் தேய்க்கச் சூடாகி விரல் நுனியைச் சுடும், அதுகூட அப்படியே. மற்ற ஐந்தோடு நிறம் சேர வேண்டும் என்பதற்காக டீத்தண்ணீரில் ஊறவைத்தேன்.

கூரியர் பையன் மூன்று மணிக்கு வந்து வாங்கிக்கொண்டு போனான். பழையதைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. மறுபடி டப்பாவிலேயே வைத்துவிட்டேன்.

ஜூலை 11, வியாழன்

இதை எழுதலாமா என்று தெரியவில்லை.

சாயங்காலம் ஐந்தரை இருக்கும். குக்கரை அணைத்துவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். தரையில் முத்து வீசும் சத்தம் கேட்டது. சிமெண்டில் விழுந்து, சிதறி, கடைசி ஒன்று மட்டும் கொஞ்சம் சுற்றி நிற்கும் சத்தம். மேலேயிருந்து வந்த மாதிரி இருந்தது. மேல் வீடு மார்ச்சிலிருந்து பூட்டிக் கிடக்கிறது.

மதி படுக்கையறையிலிருந்து வந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். “சத்தம் கேட்டியா பாப்பா?” என்றேன். கேட்டேன் என்று தலையாட்டினாள். அவளுக்கு மூன்றரை வயது. என்ன கேட்டாலும் தலையாட்டுவாள்.

ஜூலை 12, வெள்ளி

குழந்தை டாக்டரிடம் போய் வந்தேன். இந்த மாதம் மூன்றாவது முறை. “குழந்தை ஜம்முனு இருக்கா. நீங்கதான் இளைச்சுட்டீங்க” என்றார். தும்மினாள், அதனால்தான் போனேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. மழைத்தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று அபார்ட்மெண்ட் முழுக்கப் பார்த்தேன். கொசுவத்தி வாங்க வேண்டும்.

ஜூலை 15, திங்கள்

முத்து போய்ச் சேர்ந்தது. ஜெபா உருகிவிட்டாள்.

“எட்டி, கையில எடுத்த உடனே அழுகை வந்துட்டு. ஒண்ணை மோந்து பாத்தா இன்னும் டீ மணம் வருது, கேட்டியா. உமையாள் டீயைக் குடிச்சுட்டே முத்த உருட்டுவால்லா, ஓர்மை இருக்கா? பன்னெண்டு வருசம்! போகல்ல பாத்தியா அந்த மணம்!”

“ம்” என்றேன்.

ஐந்தரைக்கு மறுபடி சத்தம்.

ஜூலை 19, வெள்ளி

ஃபர்ஸானா துபாயிலிருந்து வீடியோவில் வந்தாள், ஜெபாவும் சேர்ந்துகொண்டாள். எந்த எண் எத்தனை முறைக்கு ஒருதரம் விழும் என்று புத்தகத்தில் ஒரு அட்டவணை போட வேண்டும். அது ஃபர்ஸானா பொறுப்பு. ஹாஸ்டலில் நாங்கள் வீசிய ஒவ்வொரு வீச்சையும் அவள் அப்போதே தேதியோடு எழுதி வைத்திருந்தாள். அப்போதே அவளுக்கு அந்தப் பைத்தியம். அந்த நோட்டை முழுக்கக் கணினியில் ஏற்றியிருக்கிறாள்.

“ஏளா, ஒரு விசயம். ஜனவரியிலருந்து ஆகஸ்ட் பதினாறு வரைக்கும் ஐநூத்திப் பன்னெண்டு வீச்சு. அமாவாசை பதினொண்ணு. சரியா? ஆகஸ்ட் பதினேழுலருந்து கடைசி வரைக்கும் இருநூத்தி அறுவது வீச்சு. அமாவாசை எத்தனை தெரியுமா?”

பதிலையும் அவளே சொன்னாள்.

“ஒண்ணுகூட இல்ல. கொறஞ்சது நாலஞ்சாவது விழுந்திருக்கணும். சும்மா அதிர்ஷ்டம்னா ஒண்ணு ரெண்டாவது வந்திருக்கும். யாரோ அன்னைக்கு முத்த மாத்தியிருக்காவ.”

“எவ?” என்றாள் ஜெபா.

கேமராவில் என் முகம் சின்னக் கட்டத்தில் தெரிந்தது. அதில் ஒரு பெண் சாதாரணமாக உட்கார்ந்திருந்தாள். மதி கூப்பிடுகிறாள் என்று எழுந்து வந்தேன். மதி கூப்பிடவில்லை.

திரும்பி வந்தபோது ஜெபா அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். “உமையாள்தான், வேற யாரு! முத்து எப்பவும் கதைசொல்லி கையிலதானே இருக்கும். நாம சாகக் கூடாதுன்னு செஞ்சிருக்கா. இப்ப இருக்கறது ஆறும் ஒழுங்கா இருக்கே, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி பழசைத் திருப்பிப் போட்டிருக்கா. கள்ளி!”

“முன்னுரையில எழுதணும் ஜெபா, நீ” என்றாள் ஃபர்ஸானா.

நான் ஆமாம் என்றேன். ஆமாம் என்றுதான் சொன்னேன்.

ஜூலை 20, சனி

ஒன்றும் எழுதப் பிடிக்கவில்லை. 98.4, 98.6, 98.6, 98.5.

ஜூலை 25, வியாழன்

ஜெபாவின் முன்னுரை மெயிலில் வந்தது. திருத்திக் கொடுக்க வேண்டியது நான்.

‘எங்கள் கதைசொல்லி எங்களை ஏமாற்றினாள். எங்கள் பாத்திரங்கள் இறக்கக் கூடாது என்று ஒரு முத்தைக் கள்ளத்தனமாக மாற்றி, எட்டு வாரம் எங்களைக் காப்பாற்றினாள். அவளைக் காப்பாற்ற எங்களிடம் எந்த முத்தும் இல்லை.’

நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள். ஒரு இடத்தில் ஒற்று விட்டுப் போயிருந்தது, போட்டேன்.

பதிப்பு வெளியாகும் அன்று உமையாளின் அம்மா வருகிறார்கள். உமையாளின் கதைசொல்லி நோட்டையும் ஜெபாவுக்கு அனுப்பிவைக்கிறார்களாம். அந்த நோட்டை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அடுத்து என்ன வரும் என்பதெல்லாம் அதில் இருக்கும், ஆட்டம் முடியும்வரை ஆடுகிறவர்கள் திறக்கக் கூடாது என்பது விதி. ஆட்டம் முடியவில்லை. அதனால் அவள் சாமான்களைக் கட்டியபோதுகூட அந்த நோட்டை நாங்கள் பிரிக்காமலே அனுப்பினோம். பன்னிரண்டு வருடமாக அவர்களும் பிரிக்கவில்லை. ‘விளையாட்டுப் பிள்ளைக நோட்டு, அதுக வந்து பாக்கட்டும்’ என்று வைத்திருந்தார்களாம்.

தனபால், “என்ன செவ்வந்தி, முன்னுரைய படிச்சதுலருந்து எதையோ விழுங்கின மாதிரி இருக்க?” என்றார்.

“ஒற்றுப் பிழை நிறைய” என்றேன்.

ஜூலை 29, திங்கள்

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது.

அக்டோபர் 9, செவ்வாய். உமையாளுக்கு மூன்றாம் நாள் காய்ச்சல். மறுநாள் இன்டர்னல் தேர்வு. நாங்கள் ஐந்தாம் கணவாயின் நடுவில் இருந்தோம். சாயங்காலம் ஐந்தரை. வார்டன் ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டுவதற்கு முன் சொன்னால் காலேஜ் வண்டியில் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவார். ஜெபா போகலாம் என்றாள். ஃபர்ஸானாவும் போகலாம் என்றாள். உமையாள் போர்வையைப் போர்த்திக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள், கண் சிவந்திருந்தது. “மாத்திரை போட்டிருக்கேன்டி, காலையில சரியாயிடும்” என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் அவள், “முத்துகிட்டயே கேப்போம்” என்று ஆறையும் கையில் எடுத்தாள். “அமாவாசை விழுந்தா இப்பவே கிளம்பறேன். விழலைன்னா ஆட்டம் நடக்கும்.”

மூன்று வெள்ளை விழுந்தது. கைதட்டினோம்.

வியாழன் ரத்தப் பரிசோதனை. சனிக்கிழமை காலை அவள் இல்லை.

இவ்வளவுதான் நடந்தது.

ஜூலை 30, செவ்வாய்

இவ்வளவுதான் நடந்தது என்று நேற்று எழுதியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இப்போதுதான் எழுத உட்கார முடிந்தது.

மத்தியானம் மதி வந்து என் முன்னால் நின்றாள். மூக்கைத் தொட்டுக் காட்டி, “அம்மா, உள்ள போச்சு” என்றாள்.

“என்ன உள்ள போச்சு?”

“வெள்ளை முத்து.”

படுக்கையறைக்கு ஓடினேன். கட்டிலுக்கு அடியில் பவுடர் டப்பா திறந்து கிடந்தது. பக்கத்தில் அவளுடைய மர யானை, இரண்டு கிளிப், ஒரு ஸ்பூன். எவ்வளவு நாளாக அங்கே கடை பரப்பியிருக்கிறாளோ. ஐந்தரை மணி என்பது நான் சமையலறையில் இருக்கும் நேரம். அதுகூட எனக்குத் தோன்றவில்லை.

தனபால் வீட்டில் இருந்தார், நல்லவேளை. இ.என்.டி. கிளினிக்கில் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், நர்ஸ் தலையை, தனபால் காலை. அவள் கத்திய கத்தலை எழுத முடியாது. டாக்டரம்மா வளைந்த கம்பியை விட்டு, மூன்றாவது முயற்சியில் எடுத்தார். கிண்ணத்தில் டிங் என்று விழுந்தது.

“இதென்னங்க இது, புளியங்கொட்டையா? ரெண்டு பக்கமும் வெள்ளையா இருக்கே.” இடுக்கியால் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “யாரோ ரெண்டு பக்கமும் தேச்சிருக்காங்க. அதான் இவ்வளவு மெலிசு. தேய்க்காத கொட்டையா இருந்தா மூக்குக்குள்ள ஏறியே இருக்காது. நேரத்தோட கொண்டுவந்தீங்க, ஊறிப் பெருத்திருந்தா கஷ்டம். உடனே கிளம்பி வந்தது நல்லது.”

உடனே கிளம்பி வந்தது நல்லது.

ஆட்டோவில் மதி என் மடியில் தூங்கிவிட்டாள். தனபால் முத்தைக் காகிதத்தில் மடித்து வாங்கி வந்திருந்தார். வீட்டுக்கு வந்து மேசைமேல் வைத்து, “யார் தேய்ச்சது இது?” என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

“நான்தாங்க” என்றேன்.

உட்கார்ந்தார். நான் சொன்னேன். முதல்முறை வாய்விட்டுச் சொல்வது. ஆகஸ்ட் பதினேழு, முத்தில் ஒன்று தொலைந்திருந்தது. பதிலுக்கு ஒன்று தேய்க்கச் சொன்னார்கள். மறுநாள் கொற்றி ஐந்தாம் கணவாய்க்குள் நுழைய வேண்டும். எட்டு மாதமாக நான் கொற்றியாக இருந்தேன். வீட்டில் வாயைத் திறக்காதவள், அந்த அறையில்தான் பேசுவேன். கொற்றி செத்தால் நான் மறுபடி பேசாதவளாகிவிடுவேன் என்று பயம். ஒரு பக்கம் தேய்த்து முடித்ததும் முத்தைத் திருப்பினேன், தேய்த்தேன். இரண்டு பக்கமும் வெள்ளையான முத்து ஒன்று உள்ளே இருந்தால் ஆறும் கறுப்பாக விழவே முடியாது. அவ்வளவுதான் கணக்கு.

அவர் ஒன்றே ஒன்று கேட்டார். “அந்தப் பொண்ணு வீசுறப்போ உனக்குத் தெரியுமில்ல, விழாதுன்னு?”

“தெரியும்.”

பெருமூச்சு விடவில்லை. எழுந்து போய் தெர்மாமீட்டரை எடுத்து என் கையில் கொடுத்தார். “பாத்துக்கோ. எத்தனை தடவை வேணாலும் பாத்துக்கோ” என்றார்.

ஆகஸ்ட் 7, புதன்

இரண்டு பேரையும் ஒன்றாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அச்சுக்குப் போகும் முன் சொல்லிவிட வேண்டும், நாளைக்கு என்று வைத்தால் சொல்லமாட்டேன்.

ஃபர்ஸானா உடனே கணக்குப் போட்டாள். அவளுக்கு அதுதான் ஆறுதல். “ஏளா, நல்ல முத்தா இருந்தாக்கூட அம்பது வீச்சுக்கு ஒரு தடவைதான் அமாவாசை விழும். நீ மாத்தலைன்னாலும் அன்னைக்கு விழுந்திருக்காது. அம்பதுல ஒண்ணு, அவ்ளோதாம்ளா.”

“அந்த ஒண்ணை நான் எடுத்துட்டேன்” என்றேன்.

ஜெபா பேசியபோது குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

“ரெண்டாம் பதிப்புல அமாவாசை ரெண்டு தடவை விழணும்னு ஒத்தைக்கால்ல நின்னது நீ. மூணாம் பதிப்புல சாவே வேண்டாம், பிள்ளைக ஆடுற ஆட்டம்னு அழுதது நீ. நாங்க என்ன நினைச்சோம்? உமையாள் போன துக்கம், பாவம்னு விட்டுக்கொடுத்தோம். பிள்ளைக்கு நிறைமதின்னு பேரு வச்சப்போ, பௌர்ணமின்னு வச்சிருக்கா பாருன்னு நானும் இவளும் சிரிச்சோம். எட்டி, பன்னெண்டு வருசம் எங்க கூட உக்காந்து ரூலை அழிச்சுட்டா இருந்தே?”

அப்படி நான் நினைத்துச் செய்யவில்லை. நினைத்துச் செய்யவில்லை என்று சொல்லவும் முடியவில்லை.

“அந்த டீ மணம்?” என்றாள்.

“நான் ஊறவச்சது.”

போனை வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 12, திங்கள்

ஜெபாவிடமிருந்து ஒன்றும் இல்லை. வெள்ளை முத்தைக் கூரியரில் அவளுக்கே அனுப்பிவிட்டேன். வீட்டில் இப்போது முத்து எதுவும் இல்லை. புளியைக்கூடக் கொட்டை எடுத்ததாகத்தான் வாங்கினேன்.

ஆகஸ்ட் 17, சனி

பதினொரு மணிக்கு ஜெபா கூப்பிட்டாள். ஹலோ இல்லை, எட்டி இல்லை.

“உமையாள் நோட்டு வந்துட்டு. நாலு நாளாச்சு. ஆட்டம் முடியலைன்னு திறக்காம வச்சிருந்தேன். அப்புறம் நினைச்சேன், நீ சொன்னியே, அதோட முடிஞ்சுட்டு. திறந்தேன். ஒரு பக்கம் அனுப்புதேன், பாரு. நான் ஒண்ணும் சொல்லல்ல.”

படம் வந்தது. கோடு போட்ட தாள். அதே கையெழுத்து, ‘ற’வின் கால் நீளமாக.

‘ஆகஸ்ட் 18. செ. புது முத்தை ரெண்டு பக்கமும் தேச்சிருக்கா. கையில எடுத்த உடனே விரலுக்குத் தெரிஞ்சிருச்சு, மெலிசா இருக்கு. கொற்றியைச் சாகவிட மனசில்லை போல. மத்தவங்ககிட்ட நான் சொல்லப்போறதில்லை. அவளே ஒரு நாள் சொல்லுவா. அதுவரைக்கும் ஐந்தாம் கணவாயைக் கஷ்டமாக்கணும்.’

படித்துவிட்டு முதலில் எனக்கு வந்தது நிம்மதி. அதை ஒளிக்காமல் எழுதுகிறேன். அவளுக்குத் தெரியும். அமாவாசை விழாது என்று தெரிந்தேதான் வீசினாள். ஆஸ்பத்திரிக்குப் போக அவளுக்கே இஷ்டமில்லை. நான் ஏமாற்றவில்லை. மதிக்குச் சாதம் பிசைந்து ஊட்டினேன். ஒரு வாய் நானும் சாப்பிட்டேன், ருசித்தது.

இரண்டாவது வாயைத் தட்டிலேயே வைத்துவிட்டு இந்த டைரியைப் புரட்டினேன்.

ஜூலை 29 அன்று நான் எழுதியதில் ஒரு வரி விட்டிருக்கிறேன். வேண்டுமென்று விட்டேனா, உண்மையிலேயே நினைவில்லையா, தெரியவில்லை. இன்று நினைவு இருக்கிறது.

முத்தைக் கையில் எடுத்ததும் அவள் உடனே வீசவில்லை. உருட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு முத்து மட்டும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வந்து நின்றது. அதை மெல்லத் தடவினாள். ஜெபாவைப் பார்க்கவில்லை, ஃபர்ஸானாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“அமாவாசை விழுந்தா இப்பவே கிளம்பறேன். சரியா, செவ்வந்தி?”

அந்த அறையில் அது விழாது என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி கேட்டாள். ‘அது விழாது உமையாள், போடாதே, கிளம்பு’ என்று சொல்ல வேண்டியவள் நான். அவள் கேட்டது முத்தை இல்லை.

நான், “சரி, போடுடி” என்றேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

ஜெபா பேசினாள். முழுதாக இல்லை, வேலையைப் பற்றி மட்டும். முன்னுரையை எடுத்துவிட்டாள். ரெசின் முத்தும் கிடையாது. ஆடுகிறவர்களே முத்துத் தேய்த்துக்கொள்ளட்டும் என்கிறாள். அமாவாசை விதி முதல் பதிப்பில் இருந்தபடியே, சொல்லுக்குச் சொல். உமையாளின் அம்மாவிடம் நானே போய்ச் சொல்ல வேண்டும். செப்டம்பரில் காரைக்குடிக்கு மூன்று பேருமாகப் போகிறோம். ஃபர்ஸானா விடுப்புப் போட்டுவிட்டாள்.

“விதியில ஒண்ணு மட்டும் புதுசா சேர்க்கணும்” என்றேன்.

“சாவை எடுக்கணும்னா இப்பவே போனை வச்சிருவேன்.”

“இல்லடி. எழுதிக்கோ. ‘முத்துத் தேய்த்தவர் தன் பெயரைப் பெட்டி மூடியின் உள்பக்கத்தில் எழுத வேண்டும். வீசும் முன் யார் வேண்டுமானாலும் ஆறையும் புரட்டிப் பார்க்கலாம்.’”

அவள் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

“பக்கம் ஒன்பதுலயா?”

“ஒன்பதுலயே.”

“சரி மக்கா” என்றாள். பதினைந்து நாளுக்கப்புறம் மக்கா.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

மதியை நேற்றிலிருந்து பக்கத்துத் தெரு ப்ளே ஸ்கூலில் விட்டிருக்கிறது. மூன்றிலிருந்து ஆறு மணி வரை. காலையில் 98.6. இன்று ஒரு தடவைதான் பார்த்தேன்.

சாயங்காலம் வீட்டில் நான் மட்டும். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். மேல் வீடு பூட்டித்தான் இருக்கிறது, காலையில் வாட்ச்மேனிடம் கேட்டேன். பவுடர் டப்பா குப்பைக்குப் போய் ஒரு வாரம் ஆகிறது.

ஐந்தரைக்கு, வீசுவதற்கு முன்னால் கைக்குள் உருட்டும் சத்தம் கேட்டது. மதி வைத்திருந்தது ஒரே ஒரு முத்து. நான் ஜூலையிலிருந்து கேட்டது ஆறு. அதை அப்போதே எண்ணியிருக்கிறேன், எழுதவில்லை.

உருட்டிக்கொண்டே இருந்தது. வீசவில்லை. காத்திருக்கிற மாதிரி இருந்தது.

கத்தியைக் கீழே வைத்தேன். மேலே பார்த்து, சத்தமாக, கொற்றி பேசுவதுபோல, நான் பேசினேன்.

“போடாதே உமையாள். விழாது. எழுந்திரு, கேட்டைப் பூட்ட இன்னும் அரைமணி இருக்கு. நான் போய் வார்டன்கிட்டச் சொல்றேன். நீ செருப்பைப் போடு.”

சத்தம் நின்றது.

ஆறு மணிக்கு மதியைக் கூட்டிவரப் போனேன்.